வைப்பருக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

ஜாக்கி சான் கார்ட்டூன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதில் வருகிற அடியாள் டோருவைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் கடைசியில், நல்லவேளையாக அந்தத் திருடி வைப்பரை ஜாக்கிக்குக் கட்டிவைக்காமல் விட்டார்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. இந்தக் கடிதமே அந்த ஒரு வரிக்காகத்தான்.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. வீட்டில் தமிழ், கடைவீதியில் பாதி தமிழ் பாதி மலையாளம். சின்ன வயதில் சுட்டி டிவியில் ஜாக்கி சான் பார்த்தோம். அப்புறம் கொச்சு டிவி வந்தது, அதே ஜாக்கி மலையாளமும் பேசினார். லீவுக்குப் பொள்ளாச்சியிலிருந்து சித்தி பிள்ளைகள் வந்தால் ரிமோட்டுக்கு அடிதடிதான். அதில் வருகிற கடைக்காரர் அங்கிளுக்குத் தமிழ்க் குரலா மலையாளக் குரலா, எந்தக் குரல் நல்ல குரல் என்று எங்கள் பாட்டியைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவோம். இப்போது எல்லோரும் வேலைக்குப் போய்விட்டோம், நான் பாலக்காட்டில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் சண்டை ஓயவில்லை.

எங்கள் கட்சி இது. வைப்பர் மாதிரி ஒரு ஆளைக் கொண்டுவந்துவிட்டு வீணடித்தார்கள். ஜாக்கி அவளைப் பார்த்து வெட்கப்படுவது பார்க்கிற எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஐந்து சீசனில் ஒரு முடிவு இல்லை. பொடியன் பாக்கோவும் ஜாக்கி வீட்டுச் சிறுமி ஜேடும் போடுகிற சண்டை அத்தை மகனும் மாமன் மகளும் போடுகிற சண்டை, அதையும் அப்படியே விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடப் பையனாக வருகிற அந்தப் பூதம் சீமோர், அவன் மனசு மாறியிருக்கலாம், என் சித்தி மகள் அந்த அத்தியாயத்துக்கு இன்றைக்கும் அழுவாள். கார்ட்டூன் வேறு என்றாலும் சோட்டா பீமில் வருகிற சுட்கியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020-இல் அவளுக்கு நீதி கேட்டுப் போஸ்ட் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

குழந்தைகள் கார்ட்டூனில் காதல் எதற்கு என்று மட்டும் பதில் எழுதிவிடாதீர்கள். நான்காம் வகுப்பிலேயே நாங்கள் ஜோடி சேர்த்துவிட்டோம். குழந்தையாக இருந்தபோதுதான் அது எங்களுக்கு வேண்டியிருந்தது.

இதோடு நான் எழுதிய கதை ஒன்றும் அனுப்புகிறேன். ஜாக்கிக்கும் வைப்பருக்கும் கல்யாணம் ஆன பிறகு நடக்கிற கதை. படித்துவிட்டு உள்ளதைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ச., கொழிஞ்சாம்பாறை

*

அன்புள்ள ச.,

குழந்தைகள் கார்ட்டூனில் காதல் எதற்கு என்று நான் எழுதப்போவதில்லை. அது பதிலே இல்லை, வாயை அடைக்கிற வேலை. நீங்கள் சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அநியாயம் நடந்தது என்பதில் எனக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் அந்த அநியாயத்துக்கு நீங்கள் கேட்கிற பரிகாரம் எல்லாம் ஒரே கல்யாண மண்டபத்தில் போய் நிற்கிறது. அங்கேதான் நமக்குள் வழக்கு.

பார்க்காதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் கதை சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 2000-இல் தொடங்கி 2005-இல் முடிந்த தொடர் அது, மொத்தம் 95 அத்தியாயம். அதில் வருகிற ஜாக்கி சான் நடிகர் இல்லை, தொல்பொருள் ஆராய்ச்சி செய்கிறவர். சான் பிரான்சிஸ்கோவில் பழம்பொருள் கடை வைத்திருக்கிற அங்கிள், ஹாங்காங்கிலிருந்து வந்து இவர்களோடு தங்குகிற சிறுமி ஜேட், செக்‌ஷன் 13 என்ற ரகசியப் போலீஸ் அமைப்பை நடத்துகிற கேப்டன் பிளாக், வில்லன் கூட்டத்தில் அடியாளாக இருந்து பிறகு இந்தப் பக்கம் வந்துவிடுகிற மலை மாதிரி மனுஷன் டோரு. இவ்வளவுதான் நிரந்தரக் குடும்பம். நிஜமான ஜாக்கி சான் அத்தியாயங்களின் முடிவில் வந்து பிள்ளைகள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லுவார். கார்ட்டூன் ஜாக்கிக்குக் குரல் கொடுத்தவர் ஜேம்ஸ் சீ. வில்லன் டிராகன் ஷெண்டுவுக்கும் அதே ஆள்தான் குரல், இதை உங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் இன்னொரு ராத்திரிக்குச் சண்டை ஓடும்.

வைப்பருக்கு வருகிறேன். அவள் ஒரு திருடி. பாம்புக் கல் என்ற மந்திரக் கல் வருகிற அத்தியாயத்தில் அறிமுகமாகிறாள், பிறகு திருந்துகிறாள், ஜேட் அவளைப் பார்த்த நாளிலிருந்து வாய் பிளந்து பின்னாலேயே அலைகிறாள். அப்புறம் ஜாக்கிக்காக ஜேட் ஒரு படை திரட்டுகிறாள் அல்லவா, டோரு, முகமூடி மல்லன் எல் டோரோ, வைப்பர் என்று, அதில் வருகிறாள். இன்னும் சில இடத்தில் தலை காட்டுகிறாள். அவ்வளவுதான். நீங்கள் நினைக்கிறதைவிடவும் குறைவாகத்தான் வந்திருக்கிறாள், ஏனென்றால் நம் டிவியில் எந்தத் தொடரும் வரிசையாக முடிந்ததில்லை, போட்டதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள், அந்த அத்தியாயங்களை வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து அவள் வீட்டுக்கு வந்துபோகிற ஆள் மாதிரி ஆகிவிட்டாள். இரண்டு மொழியில் பார்த்த உங்களுக்கு அது இரண்டு மடங்கு. என் மகனும் அப்படித்தான், வைப்பர் வாரம் ஒருமுறை வருவாள் என்று அடித்துச் சொல்லுவான்.

ஏன் வீணடித்தார்கள்? அந்தத் தொடர் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முதல் சீசனில் பன்னிரண்டு மந்திரக் கற்கள். இரண்டாவதில் பூதங்கள் வெளியே வருகிற வாசல்கள். மூன்றாவதில் அந்தக் கற்களின் சக்தி போய்ச் சேர்ந்த மிருகங்கள். நான்காவதில் ஒன்பது முகமூடிகள். ஐந்தாவதில் பூதங்கள் விட்டுப்போன சக்தி. எப்போதும் ஒரு பொருள், அதைத் தேடி ஒரு ஊர், அங்கே ஒரு சண்டை, நடுவில் ஜேட் சொன்ன பேச்சைக் கேட்காமல் பெட்டிக்குள் ஒளிந்து வந்துவிடுவாள், கடைசியில் அங்கிள் கருவாட்டையும் பல்லியையும் கையில் வைத்துக்கொண்டு மந்திரம் சொல்லுவார். இதையெல்லாம் இருபத்திரண்டு நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். அதுவும் போன வாரம் பார்க்காத பிள்ளைக்கும் புரிகிற மாதிரி. இந்த ஏற்பாட்டில் புதிதாக வருகிற ஒரு ஆள் அன்றைய பொருளோடு வந்து அன்றைய பொருளோடு போய்விடுவார். வைப்பர் பாம்போடு வந்தாள், எல் டோரோ காளையோடு வந்தான்.

நம் பாலக்காட்டில் தோல்பாவைக்கூத்து நடக்கிறதே, பகவதி கோயில் கூத்துமாடத்தில், கம்பனின் தமிழ்ப்பாட்டைப் பாடிவிட்டுப் புலவர்கள் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டே போவார்கள். பாட்டில் நாலு வரி வருகிற ஒரு ஆளுக்கு அங்கே அரை ராத்திரி கிடைத்துவிடும், திரைக்குப் பின்னால் இரண்டு புலவர்கள் அவருக்காக வாதாடுவார்கள், மறுப்பார்கள், கிளைக்கதை சொல்லுவார்கள். ராத்திரி நிறைய இருக்கிறது, அவசரம் இல்லை. தொலைக்காட்சியில் சனிக்கிழமை காலைக்காகச் செய்கிற கார்ட்டூனுக்கு அந்த வசதி கிடையாது. இதை நான் அவர்களுக்குச் சாக்காகச் சொல்லவில்லை. அதே இருபத்திரண்டு நிமிஷத்தில்தானே டோருவைச் செய்துகாட்டினார்கள்?

டோருவை யோசித்துப் பாருங்கள். வில்லனுக்கு அடியாள், பேச்சு குறைவு, உடம்புதான் எல்லாம். அவனைத் தோல்விக்கு மேல் தோல்வியாகக் காட்டி, முதலாளியிடம் அவமானப்படுத்தி, போக இடமில்லாமல் செய்து, கடைசியில் அங்கிளுக்குச் சிஷ்யனாகக் கொண்டுவந்து விட்டார்கள். அங்கிளை அவன் சென்செய் என்று கூப்பிடுகிறான். அவன் அம்மா வந்து அங்கிளோடு மல்லுக்கு நிற்கிற அத்தியாயங்கள் இருக்கின்றன. அவ்வளவு பெரிய உருவம் சின்னப் பிள்ளை மாதிரி அம்மாவுக்குப் பயப்படுகிறது. இதெல்லாம் ஒரே நாளில் செய்ததில்லை, அத்தியாயத்துக்கு இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் என்று கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தார்கள். டோருவுக்கு ஜோடி யார் என்று உங்கள் குழுவில் யாராவது கேட்டார்களா? உங்கள் கடிதத்தில் அவனுக்கு ஒரு பெண் பார்க்கக்கூட இல்லை. ஏனென்றால் அவன் கதை உங்களுக்கு நிறைந்துவிட்டது.

நான் சொல்லவருவது இதைத்தான். ஒருவருக்குப் போதுமான இடம் கொடுக்கப்பட்டிருந்தால் நாம் அவருக்கு ஜோடி தேடுவதில்லை. இடம் கிடைக்காதவர்களுக்குத்தான் தேடுகிறோம். இன்னும் கொஞ்ச நேரம் இவளைக் காட்டு என்று கேட்பதற்கு நமக்குத் தெரிந்த வழி கல்யாணம்தான், ஏனென்றால் நாம் பார்த்து வளர்ந்த கதைகளில் ஒரு பெண் வீட்டுக்குள் நிரந்தரமாக வந்து உட்கார வேண்டுமென்றால் மருமகளாகத்தான் வர முடியும். வைப்பர் அங்கிள் கடைக்குள் தினமும் வர வேண்டும். அதற்கு ஜாக்கி தாலி கட்டினால்தான் ஆகும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. டோரு எப்படி வந்தான்? வேலைக்காக வந்தான். வைப்பரும் அப்படி வந்திருக்கலாமே. பூட்டு உடைக்கத் தெரிந்தவள், கம்பி மேல் நடக்கத் தெரிந்தவள், திருடர்கள் எப்படி யோசிப்பார்கள் என்று உள்ளிருந்து அறிந்தவள். அவளைப்போல ஒருத்தி செக்‌ஷன் 13-க்குக் கிடைப்பாளா? கேப்டன் பிளாக் கூப்பிட்டிருக்க வேண்டும், கூப்பிடவில்லை. எனக்கு அந்த ஆள் மேல்தான் கோபம்.

ஜாக்கி வெட்கப்படுகிறார் என்கிறீர்கள். ஆமாம், படுகிறார். அந்த மனுஷர் எதற்குத்தான் வெட்கப்படவில்லை. அங்கிள் தலையில் குட்டினால்கூட அப்படித்தான் நெளிவார். அந்தச் சின்னச் சிரிப்பும் தடுமாற்றமும் எனக்குப் பிடிக்கும், அது அப்படியே இருக்கட்டும், அதை முழுசாக எடுத்துவிட வேண்டும் என்று நான் எழுதவில்லை. (அங்கிள் மட்டும் நம் சித்தூர் தாலுக்காவில் பிறந்திருந்தால் ஜாக்கிக்கு இருபத்தைந்து முடிவதற்குள் தரகரைக் கூப்பிட்டு ஜாதகக் கட்டை எடுத்திருப்பார். பூதத்தை விரட்டுவதெல்லாம் அப்புறம்தான்.) ஆனால் அந்தத் தொடரில் வைப்பரோடு யார் இருக்கும்போது காட்சிக்கு உயிர் வருகிறது என்று திரும்பப் பாருங்கள். ஜாக்கியோடு இல்லை, ஜேடோடுதான்.

அந்த வீட்டில் ஜேட் ஒருத்திதான் பெண். சுற்றிலும் ஆண்கள். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் அவளிடம் சொல்லுவது ஒன்றுதான்: நீ வராதே, இங்கேயே இரு. அப்பா அம்மா கடல் தாண்டி இருக்கிறார்கள். இந்த நிலையில் சுவரேறிக் குதிக்கிற ஒரு பெரிய பெண் வருகிறாள், ஜேடைப் பார்த்து வராதே என்று சொல்லாத முதல் ஆள் அவள்தான். ஜேட் அவளைப்போல ஆக வேண்டும் என்று நினைக்கிறாள், திருட்டையும் சேர்த்தே ரசிக்கிறாள், ஜாக்கிக்கு அடிவயிறு கலங்குகிறது. ஒரு சிறுமிக்கு முன்னால் ஒரு பெண் திருந்துவது எப்படி இருக்கும், அந்தச் சிறுமி தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தபிறகு அந்தப் பெண் பழைய தொழிலுக்குத் திரும்ப முடியுமா, இது எவ்வளவு பெரிய கதை. அதைத் தொட்டுவிட்டு அப்படியே விட்டுப் போய்விட்டார்கள். வைப்பர் விஷயத்தில் என் வயிற்றெரிச்சல் இங்கேதான் இருக்கிறது. கல்யாணம் செய்துவைத்திருந்தால் வைப்பர் ஜேடுக்குச் சித்தி முறையாகி, அவளும் சேர்ந்து நீ வராதே, பாடம் படி என்று சொல்ல ஆரம்பித்திருப்பாள். யோசித்தாலே எனக்குத் துக்கமாக இருக்கிறது.

ஜேடுக்கு மட்டும் ஒருமுறை நல்லது செய்தார்கள். எதிர்காலத்திலிருந்து பெரியவளான ஜேட், ஷெண்டுவின் மகன் டிராகோவைத் துரத்திக்கொண்டு வருகிறாளே, அந்தக் கதை. வந்தவள் யாரைக் கட்டிக்கொண்டாள் என்று ஒரு பேச்சு இல்லை. செக்‌ஷன் 13-க்கே அவள்தான் தலைவி என்று தெரிகிறது, நம் ஜேடுக்குக் கண் விரிகிறது, ஜாக்கி மயங்கி விழாத குறை. ரசிகர்களுக்கு அந்தத் தொடர் கொடுத்ததிலேயே பெரிய சீர் அதுதான் என்பேன். அதைப் பார்த்துவிட்டு யாரும் மாப்பிள்ளை எங்கே என்று கேட்டதாக நான் கேள்விப்படவில்லை, நீங்களும் கடிதத்தில் கேட்கவில்லை.

பாக்கோ விஷயத்தை நீட்டப்போவதில்லை. எல் டோரோவின் குட்டி ரசிகன், என் ஆள்தான் பெரிய ஆள் என்று ஜேடோடு முட்டிக்கொள்வான், எல் டோரோ முகமூடியைக் கழற்றவே மாட்டார் என்று எங்கே போனாலும் சொல்லுவான். அது முறைப்பையன் சண்டை இல்லை, இரண்டு ரசிகர் மன்றச் சண்டை. நமக்குத் தெரியாததா? எனக்கு பாக்கோவைவிட எல் டோரோ மேல்தான் அக்கறை. அவனுக்கு அத்தனை பலமும் முகமூடியில் இருந்த காளைக் கல்லால் வந்தது. கல் போய்விட்டது. கல் இல்லாமல் மேடை ஏறுகிற மல்லன், அவனையே சாமி மாதிரி பார்க்கிற ஒரு சின்னப் பையன். இதில் ஒரு முழு சீசன் இருக்கிறது, அவர்கள் ஒன்றிரண்டு அத்தியாயத்தில் கடந்துவிட்டார்கள். உங்கள் கட்சி இதையல்லவா கையில் எடுத்திருக்க வேண்டும்.

சீமோர் விஷயத்தில் நான் கறாராகத்தான் பேசுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வானத்துப் பூதம் ஷி வூ, தன் வாலை மீட்பதற்காகப் பையன் வேஷம் போட்டு வந்து ஜேடோடு பழகுகிற கதை அது. ஆயிரக்கணக்கான வருஷம் அடைபட்டுக் கிடந்த கிழட்டுப் பூதம், எதிரே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அதில் காதல் வைப்பதற்கு எனக்கு மனசு ஒப்பாது. ஆனால் உங்கள் சித்தி மகள் அழுதது காதலுக்காக என்றும் நான் நினைக்கவில்லை. ஜேடுக்குத் தன் வயதில் ஒரு தோழன் கிடைத்தான், அவள் சொன்ன கதைகளை நம்பினான், விளையாட வந்தான், கடைசியில் அத்தனையும் பொய் என்று ஆகிவிட்டது. அந்த நட்பு போனதற்காகத்தான் அழுதிருப்பாள். அவளையே கேட்டுப் பாருங்கள். உண்மையான வகுப்புத் தோழி ஒருத்தியை, வாரா வாரம் வருகிற மாதிரி, ஜேடுக்குக் கொடுத்திருந்தால் சீமோருக்காக இத்தனை பேர் உருகியிருக்க மாட்டார்கள்.

அப்புறம் சுட்கி. நீங்கள் நீதி கேட்ட அந்த 2020 கூத்தை நானும் ஊரடங்கில் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பீம் இளவரசி இந்துமதியைக் கட்டிக்கொண்டான், சுட்கியைக் கைவிட்டான் என்று யாரோ கிளப்பிவிட, வேலைக்குப் போகிற வயதில் உள்ளவர்களெல்லாம் ட்விட்டரில் கொதித்தார்கள். கடைசியில் சோட்டா பீமைத் தயாரிக்கிற ஹைதராபாத் கம்பெனி, கிரீன் கோல்டு, அப்படி எந்தக் கல்யாணமும் நடக்கவில்லை, அவர்கள் இன்னும் குழந்தைகள், காதல் கல்யாணத்தையெல்லாம் அவர்களிடமிருந்து தள்ளி வையுங்கள் என்று அறிக்கை விட வேண்டியதாயிற்று. சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கோபத்துக்குள் ஒரு நியாயம் இருந்தது, அதை யாரும் சரியான வார்த்தையில் சொல்லவில்லை. 2008-இலிருந்து அந்தப் பெண் லட்டு கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அம்மா டுன்டுன் லட்டுக் கடை வைத்திருக்கிறாள், பீம் அந்த லட்டைத் தின்றுதான் மலையைத் தூக்குகிறான். பீமின் கூட்டாளிப் பொடியன் ராஜு பெயரில்கூட மைட்டி ராஜு என்று தனித் தொடர் கிளம்பியது. சுட்கிக்கு என்ன நீதி கேட்டீர்கள்? லட்டு கொடுத்தவளையே கட்டிக்கொள் என்று. அவள் ஒருநாள் லட்டைத் தானே தின்றுவிட்டுச் சண்டைக்குப் போனால் என்ன என்று கேட்டவர்கள் குறைவு.

இதே சோட்டா பீமைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பார்க்கும்போது கூட உட்கார்ந்திருக்கிறேன். இங்கே வேலந்தாவளத்தில் சாயங்காலம் எங்கள் வராந்தாவில் ஆறேழு உருப்படிகள் எப்போதும் இருக்கும். அவர்கள் இந்துமதியா சுட்கியா என்று கேட்டதில்லை. பீமோடு மோதுகிற காலியாவுக்காகத்தான் பேசுவார்கள். ஒரு பொடியன், தோலுவும் போலுவும் ஏன் காலியா கூடவே இருக்கிறார்கள், அவன்தான் எப்போதும் தோற்கிறானே என்று கேட்டான். அதற்கு இன்னொருத்தி, தோற்கிறவன் கூட யாராவது இருக்க வேண்டாமா என்றாள். நான் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

நான்காம் வகுப்பில் ஜோடி சேர்த்தோம் என்று நீங்கள் சொல்லுவதை நான் தள்ளிவிடவில்லை. உங்கள் கடிதத்திலேயே பலமான வாதம் அதுதான். பிள்ளைகள் ஜோடி சேர்ப்பார்கள், வகுப்பில் உள்ளவர்களைச் சேர்ப்பார்கள், டீச்சரையும் பி.டி. மாஸ்டரையும் சேர்ப்பார்கள், சுவரில் கரியால் எழுதி வைப்பார்கள், அதற்காக அடியும் வாங்குவார்கள். ஆனால் அந்த வயதில் ஜோடி சேர்த்தபிறகு என்ன செய்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். அந்த ஜோடியை வைத்து விளையாடினீர்கள். நீ வைப்பர், நான் ஜாக்கி, அவன் ஷெண்டு. குதித்தீர்கள், ஓடினீர்கள், யாராவது முட்டியைப் பேர்த்துக்கொண்டிருப்பீர்கள். வைப்பருக்கு அந்த விளையாட்டில் வேலை இருந்தது. வளர்ந்தபிறகுதான் ஜோடி என்றால் அதற்கு மேல் கதை இல்லை என்று ஆகிவிடுகிறது.

நம்மிடம் இது பழைய பழக்கம். புறநானூற்றில் பாரியின் மகள்கள் பாடியதாக ஒரே ஒரு பாட்டு இருக்கிறது, ஐந்து வரி. போன மாசத்து நிலாவில் அப்பா இருந்தார், எங்கள் குன்றும் எங்களிடம் இருந்தது, இந்த மாசத்து நிலாவில் குன்றும் இல்லை அப்பாவும் இல்லை என்கிற பாட்டு. பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அப்படி ஒரு பாட்டு பாடத் தெரிந்தவர்கள் இன்னும் என்னென்ன பாடினார்கள், அந்த முற்றுகைக்கு உள்ளே இருந்து எதையெல்லாம் பார்த்தார்கள்? தெரியாது. அடுத்து என்ன கிடைக்கிறது? கபிலர் அவர்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய், இவர்களைக் கட்டிக்கொள் என்று கேட்கிற பாட்டுகள். அவர்கள் மறுக்கிறார்கள். பின்னால் வந்த கதைகளில் அந்தப் பெண்களுக்கு அங்கவை, சங்கவை என்று பெயர் வைத்து, ஔவையாரைக் கூப்பிட்டு ஒருவழியாகக் கல்யாணம் முடித்துவைத்தார்கள். நம் முன்னோர்களும் உங்கள் வாட்ஸ்அப் குழுவும் ஒரே கட்சிதான். பாவம் அந்தப் பெண்கள், அவர்களை அம்போ என்று விட மனசில்லாமல்தான் செய்திருப்பார்கள், அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் இரண்டாவது பாட்டை யாரும் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

இப்போது உங்கள் கதை. உள்ளதைச் சொல்லச் சொன்னீர்கள்.

நடை நன்றாக இருக்கிறது. அங்கிள் பேசுகிற இடமெல்லாம் அப்படியே அங்கிள், அவர் கல்யாணத்துக்கு வந்த பூதத்துக்கு மொய் எழுதச் சொல்லுகிற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பந்தியில் டோரு மூன்றாவது தடவை பாயசம் கேட்க வெட்கப்படுவதும் சரியாக வந்திருக்கிறது. கொழிஞ்சாம்பாறைச் சந்தையை சான் பிரான்சிஸ்கோவுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை, அங்கிள் அங்கே கருவாட்டுக்குப் பேரம் பேசுவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது.

ஆனால் வைப்பர் எங்கே? முதல் பக்கத்தில் சுவரேறி வருகிறாள், தாலி ஏறுகிறது, அதற்கப்புறம் கடையில் பொம்மைகளைத் தூசி தட்டுகிறாள். ஜாக்கிக்கு டீ கொண்டுவருகிறாள். ஷெண்டு திரும்ப வந்து, ஜாக்கியும் ஜேடும் டோருவும் புறப்படும்போது வாசலில் நின்று பத்திரமாகப் போய்வாருங்கள் என்கிறாள். பத்திரமாகப் போய்வாருங்கள்! வைப்பர்! கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கு நீங்கள் கொடுத்த பேச்சு எல்லாவற்றையும் சேர்த்தால் அரைப் பக்கம் வராது. ஐந்து சீசனில் அவர்கள் வீணடித்ததைவிட அதிகமாக, அவள் மேல் இவ்வளவு ஆசை வைத்திருக்கிற நீங்களே வீணடித்துவிட்டீர்களே.

கல்யாணம் இருக்கட்டும். உங்களுக்கு அது வேண்டும் என்று தெரிகிறது, உங்கள் கதை, உங்கள் இஷ்டம், அதில் நான் தலையிட மாட்டேன். அந்த வாசல் காட்சியிலிருந்து மட்டும் திரும்ப எழுதுங்கள். ஷெண்டு அடைத்து வைத்திருக்கிற அறைக்குப் பூட்டு இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பூட்டை ஜாக்கி தோளால் இடித்து உடைக்கிறார். வீட்டில் ஒருத்தி பூட்டுத் திறப்பதில் கெட்டிக்காரி உட்கார்ந்திருக்கும்போது இவர் ஏன் தோளை உடைத்துக்கொள்ள வேண்டும்? அவளைக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். ஜேடையும் கூட விடுங்கள், திறக்கும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், இரண்டு பேரும் பேசிக்கொள்ளட்டும், ஒரு பக்கம் ஆனாலும் பரவாயில்லை. ஜாக்கி கொஞ்ச நேரம் வெளியே காவல் இருக்கட்டும்.

எழுதி முடித்ததும் அனுப்புங்கள், இங்கேயே போடுகிறேன். இந்தமுறை படம் பிடித்து அனுப்பாமல் டைப் செய்து அனுப்புங்கள், ஏழாம் பக்கத்தில் டீ கொட்டின இடம் எனக்குப் படிக்கவே முடியவில்லை, எல் டோரோ வருகிற பக்கம் என்று மட்டும் தெரிகிறது. அங்கே என்ன நடக்கிறது என்றும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா